அமைதிப்படைக்குப் போனவன் வீட்டில் சொல்ல வேண்டியது

1987ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் இருந்தவன் என்று நான் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் எப்படி மாறும் என்பதை அவருடைய வயதை வைத்தே கணித்துவிடுவேன். அறுபதைத் தாண்டியவர் என்றால், "நம் ஜனங்களையே சுடப் போனவர்கள்தானே?" என்ற கேள்வி கண்ணில் தெரியும். 1991க்குப் பிறகு அரசியல் பேசத் தொடங்கியவர் என்றால் கையைப் பிடித்துக் குலுக்குவார். 2009ல் கல்லூரியில் படித்தவர் என்றால் பேச்சை வேறு பக்கம் திருப்புவார். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு படை போனதே தெரியாது. அவர்களோடு பேசுவதுதான் எனக்குச் சுலபம்.

நான் வேலூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்களில் தெருவுக்கு நான்கு பேர் பட்டாளத்தில் இருப்பார்கள். 1980ல் சேர்ந்தேன். ஜபல்பூரில் சிக்னல்ஸ், அதாவது வயர்லெஸ் பிரிவுப் பயிற்சி. 2004ல் ஹவில்தாராக ஓய்வு. இடையில் ராஜஸ்தான் மணலையும் காஷ்மீர்ப் பனியையும் பார்த்தாயிற்று. ஆனாலும் ஊரிலும் உறவிலும் என்னை அளப்பது யாழ்ப்பாணத்தில் கழித்த காலத்தை வைத்துத்தான். ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கும், இனி வரப்போகிறவர்களுக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் உதவட்டும் என்று அதைப் பற்றியே எழுதுகிறேன்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காகக் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே நம் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. முதலில் போனவர்களுக்கு மக்கள் மாலை போட்டு வரவேற்பு கொடுத்தார்கள் என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் போனது அக்டோபர் மாதம். மாலைக் காலம் முடிந்துவிட்டிருந்தது. இந்தியாவிடம் கோரிக்கை வைத்து நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த விடுதலைப் புலிகளின் திலீபன் செப்டம்பர் 26 அன்று இறந்தார். அக்டோபர் 5 அன்று, இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுப் பலாலி விமானதளத்தில் வைக்கப்பட்டிருந்த புலிகளில் குமரப்பா, புலேந்திரன் உட்படப் பன்னிரண்டு பேர் சயனைடு தின்று இறந்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே புலிகளோடு போர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபண்ட்ரி வீரர்கள் முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் மடிந்த செய்திதான் பலாலியில் நான் கேட்ட முதல் செய்தி.

காக்கப் போன படை தாக்கும் படையானது எப்படி, யார் பிழை என்று இன்றைக்கும் மேடைகளில் வாதம் நடக்கிறது. முதுகில் வயர்லெஸ் பெட்டியோடு விமானத்தை விட்டு இறங்கியவனிடம் அதில் அவன் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. சிக்னல்காரனுக்கு வேறு கவலை. பெட்டியின் ஆன்டெனா தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். யாரை முதலில் சுட வேண்டும் என்று எதிராளிக்கு வேறு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த ஆன்டெனாவை வளைத்துத் தோள்பட்டையில் கட்டிக்கொள்ளக் கற்றவன்தான் பிழைத்தான்.

என்னை இணைத்திருந்த காலாட்படைப் பிரிவில் பஞ்சாபியும் இந்தியும் பேசுகிறவர்களே நிறைய. தமிழ் தெரிந்தவன் என்பதால் சோதனைச் சாவடியில் என்னை நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் சண்டையின்போது ஆயிரக்கணக்கானோர் நல்லூர்க் கந்தசாமி கோயிலிலும் பள்ளிக்கூடங்களிலும் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் சைக்கிளிலும் கால்நடையாகவும் வீடு பார்க்கத் திரும்புவார்கள். ஒரு பாட்டி என்னிடம், "தம்பி தமிழ்ப் பிள்ளையோ? எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். "பிறகு ஏன் தம்பி?" என்றார். அவ்வளவுதான். என்ன சொல்கிறார் என்று கேப்டன் கேட்டார். வீட்டுக்குப் போக வழி கேட்கிறார் என்றேன். எங்கள் பிரிவில் அந்தக் கேள்வி விளங்கியது எனக்கு மட்டும்தான். மற்றவர்கள் வெளிநாட்டில் ஒரு போரில் இருந்தார்கள். எனக்கு அது வெளிநாடாக இல்லை.

எங்களில் துணிந்தவர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மகார் ரெஜிமென்ட்டின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் போரிட்டு இறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. அதையும் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு மாதம் முன்பு அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் இந்தியப் படையினரின் குண்டுக்குப் பலியானதையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குகிறவர்களை இரண்டு தரப்பிலும் பார்த்துவிட்டேன். அவர்களுக்குக் கூட்டம் சேர்கிறது. இரண்டையும் சொல்கிறவனுக்குச் சேராது.

நான் சுழற்சி முறையில் 1989ல் திரும்பிவிட்டேன். அந்த ஆண்டில்தான் வேடிக்கை. இலங்கைக்கு ஜனாதிபதியாக வந்த பிரேமதாசா, ஜூலைக்குள் வெளியேறுங்கள் என்று கெடு வைத்தார். புலிகளோடு பேச்சும் நடத்தினார். நம்மை அழைத்த அரசும் நம்மோடு சண்டையிட்டவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து நம்மைப் போகச் சொன்னார்கள். கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கிளம்பியது. மதராஸ் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. இதைச் சொல்லி இன்றும் கொதிக்கிற முன்னாள் ராணுவத்தினர் உண்டு. எனக்கு அந்தக் கொதிப்பு இல்லை. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் பறிகொடுத்துவிட்டுத் திரும்பும் படைக்குத் துறைமுகத்தில் யார் வந்தார்கள் என்பது பெரிய கணக்கா? எதற்காகப் போனோம் என்று அதற்குள் டெல்லியிலேயே யாரும் தெளிவாகச் சொல்லத் தயாராக இல்லை.

ஊருக்கு வந்தபோது நிலைமை இப்படித்தான் இருந்தது. சொந்த மாமா ஒருவர் கல்யாண வீட்டில் என் பக்கத்தில் உட்காரவில்லை. என் மனைவியைத் தண்ணீர்க் குழாயடியில் கேட்டிருக்கிறார்கள், உன் புருஷன் எத்தனை பேரைச் சுட்டார் என்று. பிறகு 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் புலிகளின் குண்டுக்கு ராஜீவ் காந்தி பலியானார். ஒரே இரவில் எல்லாம் புரண்டது. அதே மாமா வீட்டுக்கு வந்து, "நீங்கள் அன்றைக்கே முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும் மாப்பிள்ளை" என்றார். அந்த இரண்டு ஆண்டில் என் போரில் ஒன்றும் மாறவில்லை. நான் நின்ற சாவடி அதே சாவடி, அந்தப் பாட்டி அதே பாட்டி. மாறியது ஊர்.

மூன்றாவது புரட்டல் 2009. இலங்கையின் இறுதிப் போரில் முல்லைத்தீவில் ஷெல் விழுந்துகொண்டிருந்த நேரம். ஜனவரி 29 அன்று போரை நிறுத்தக் கோரி முத்துக்குமார் என்ற இளைஞர் சென்னையில் தீக்குளித்து இறந்தார். கல்லூரிகள் கொந்தளித்தன, அரசு காலவரையற்ற விடுமுறை விட்டது. என் மகள் பெட்டியோடு விடுதியிலிருந்து வந்து சேர்ந்தாள். நான் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது பிறந்தவள் அவள். பிறந்த செய்தியே எனக்கு 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரிக்கு வந்த இன்லேண்டு கடிதத்தில்தான் கிடைத்தது. வந்த அன்றே கேட்டாள்: "அப்பா, அந்த ஆஸ்பத்திரியில் நடந்தது உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

இந்த இடத்தில்தான் என்னைப் போன்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. பிள்ளைகள் கேட்கும்போது மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்தது, கூட இருந்தவர்கள் சொல்லக் கேட்டது, பின்னால் படித்தது. இந்த மூன்றையும் கலந்தால் கதை நன்றாக வரும், உண்மை போய்விடும். நான் மகளிடம் அப்படித்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் இல்லை, என் பிரிவும் இல்லை. நடந்ததை முகாமில் அரைகுறையாகக் கேட்டேன், முழுதாகப் பின்னால்தான் படித்தேன், படித்ததை நம்புகிறேன். கண்ணிவெடியில் என் பக்கத்து ஆள் இறந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒரு தெருவில் நடந்துகொண்ட விதத்தையும் பார்த்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை, சில நாட்கள் முகம் கொடுக்கவும் இல்லை. பிறகு கேள்வியோடு திரும்பி வந்தாள். இன்றுவரை அந்த விஷயத்தில் எங்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. ஆனால் என் போரை அவள் மேடைப் பேச்சாளரிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அது போதும்.

இதில் இன்னொன்று. நாங்கள் பேசியதை மனைவி உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் எனக்குப் புதிதில்லை" என்றாள். "தூக்கத்தில் இந்தியில் கத்துவீர்கள். அர்த்தம் தெரியாது. யாரையோ திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறீர்கள், அந்தப் பக்கம் பதில் வரவில்லை என்பது மட்டும் தெரியும்." வயர்லெஸ்காரன் பெண்டாட்டி சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாள்.

தூக்கம் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதை யாரும் வெளியே பேசுவதில்லை. போரிலிருந்து வந்தவரைத் தோளைத் தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். தீபாவளி சரவெடிக்கு உடம்பு பதறுவதை மறைக்க வேண்டியதில்லை. அன்று மட்டும் வெளியூர் போய்விடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார், நல்ல ஏற்பாடு. எனக்கு வெடிச்சத்தம் பரவாயில்லை, மதகுதான் ஆகாது. யாழ்ப்பாணத்தில் ரோட்டுக்கு அடியில் மதகுக்குள்தான் வெடி வைப்பார்கள். இன்றைக்கும் பஸ் சிறு பாலத்தைக் கடக்கும்போது காலைத் தூக்கிக்கொள்கிறேன். பல ஆண்டாகியும் கத்தலும் கோபமும் அடங்காவிட்டால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை இருக்கிறது, மேல் மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவார்கள். மானம் போகிறது என்று சொல்லி ராணுவக் கேன்டீன் ரம்மில் வைத்தியம் பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. மாதக் கோட்டா வருகிறது என்பதற்காக அதை வாங்கியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வீட்டு நிர்வாகத்துக்கு வருகிறேன். பட்டாளத்தானுக்கு ஆண்டுக்கு அறுபது நாள் விடுப்பு. அந்த நாட்களில் அவன் விருந்தாளி. கோழி அடித்துப் போடுவார்கள், பிள்ளைகள் மிட்டாய்க்குக் காத்திருக்கும். ஓய்வு பெற்று வந்தவன் விருந்தாளி அல்லன் என்பது அவனுக்கும் வீட்டாருக்கும் புரியவே ஓர் ஆண்டு பிடிக்கும். அந்த ஓர் ஆண்டில் அதிகாரம் செய்யக் கூடாது. மாமியார் மருந்து, பள்ளிக் கட்டணம், நிலத் தகராறு எல்லாவற்றையும் தனியாகச் சமாளித்தவளிடம் போய், துணியை இப்படி மடி, பாத்திரத்தை அப்படி அடுக்கு என்று இன்ஸ்பெக்‌ஷன் நடத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் பிள்ளைகள் அப்பா வெளியே போனால்தான் சிரிக்கின்றன. காலையில் சீக்கிரம் எழும் பழக்கம் இருந்தால் நீங்கள் எழுந்துகொள்ளுங்கள், மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

அரசியல் வேறு விதமாக வீடு தேடி வரும். பணியில் இருக்கும்போது கட்சிக் கூட்டத்துக்கு நாம் போகவே கூடாது. ஓய்வு பெற்றதும் எல்லாக் கட்சிக்கும் முன்னாள் ராணுவத்தினர் தேவைப்படுகிறார்கள், பதக்கத்தோடு முன்வரிசையில் உட்கார. ஒரு குடிமகனாகக் கட்சியில் சேர்வதில் தவறே இல்லை. பதக்கத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் என்பதுதான் என் கட்சி. அது அரசாங்கம் கொடுத்தது, கூட இருந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேட்டு 2015ல் டெல்லி ஜந்தர் மந்தரில் நம்மவர்கள் உட்கார்ந்தது வேறு கதை. அது நம் கணக்கு, நாமே கேட்டோம். பல ஆட்சிகள் தள்ளிப்போட்ட பிறகு 2014 ஜூலையிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்தார்கள்.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில் எங்கள் தெருவில் மகனை எல்லையில் வைத்திருந்த தாய்மார்கள் என்னிடம் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் ஓய்வு பெற்ற அதிகாரிகள் கையை ஓங்கி ஓங்கிப் பேசினார்கள். இந்த நகரத்தைப் பிடித்தாயிற்று, அந்தத் துறைமுகத்தை அழித்தாயிற்று என்று சேனல்கள் கூவின. அதில் பல பொய் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: டிவியை அணையுங்கள். பையனின் போன் அடிக்கவில்லை என்றால் போனை அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். கெட்ட செய்தியை முதலில் வீட்டுக்குத்தான் சொல்வார்கள், சேனலுக்கு அல்ல. யூனிட்டின் தொலைபேசி எண்ணும் பையனின் படை எண்ணும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறதா? பாதி வீடுகளில் இல்லை.

காகித விஷயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. என்னோடு பணியாற்றிய ஒருவர் இறந்து ஓராண்டுக்கு மேலாகியும் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. திருமணமானபோது யூனிட்டில் யாரோ ஒரு கிளார்க் பெயரின் பின்பாதியை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார். ஆதாரில் முழுப்பெயர். நம் இன்ஷியல் வழக்கமும் வடக்கே புரிவதில்லை, தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று போட்டுவிடுவார்கள். அந்த அம்மாள் அலுவலகத்துக்கும் வங்கிக்குமாக அலைந்தார். அவர் செல்ல வேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்பதையே மிகத் தாமதமாகத்தான் யாரோ சொன்னார்கள்.

இதெல்லாம் ஆள் உயிரோடு இருக்கும்போது அரை நாள் வேலை. டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் வைத்து, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு இப்போதே எழுதுங்கள். ஓய்வூதியக் கணக்கு மனைவியோடு கூட்டுக் கணக்காக இருக்கட்டும். ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தின் கடவுச்சொல் மகனுக்கு மட்டும் தெரிந்தால் போதாது, அவளுக்கும் தெரிய வேண்டும். ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று எங்கே கொடுப்பது என்று ஒருமுறை அவளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஊனத்தால் சம்பாதிக்க முடியாத பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மருத்துவச் சான்றோடு பெயரைப் பதிவு செய்யாமல் தந்தை இறந்துவிட்டால் பிறகு படும் பாடு பெரும்பாடு.

இப்போது என் தங்கை மகன் அக்னிவீர் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருக்கிறான். 2022ல் வந்த திட்டம். நான்கு ஆண்டு, அதன்பின் கால்வாசிப் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு ஒரு தொகை, ஓய்வூதியம் கிடையாது. எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை, அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். "நாலு வருஷம் கழித்து எனக்கு இருபத்து மூன்று வயதுதான் மாமா" என்றான். பதில் சரிதான். சேரட்டும். தபாலில் பட்டப்படிப்புக்குப் பதிவு செய்துகொண்டு போ, தொழிற்பிரிவு கேட்டால் கையில் வேலை தங்கும் தொழிலாகப் பார்த்துக் கேள் என்றேன். யாழ்ப்பாணம் பற்றி அவன் கேட்டான், மகளிடம் சொன்ன அதே மூன்று பிரிவில் சொன்னேன்.

தங்கையிடம் சொன்னது வேறு. அவன் படிவத்தில் நியமனதாரராக அவள் பெயரைத்தான் எழுதுவான். ஆதாரில் அவள் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் அட்டையில் ஒரு மாதிரி இருக்கிறது. திங்கட்கிழமை ஆதார் மையத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.